மீரா உசேன் பெயரில் ஒரு மீன்பேன்

அதிராம்பட்டினம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் மீரா உசேன். நாற்பது வருடமாக அதே வேலை. படகு வந்ததும் கூடைகளை வரிசையாக வைத்து, நடுவில் நின்று அவர் குரல் கொடுத்தால் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, நீடாமங்கலம் வியாபாரிகள் தங்களை அறியாமல் ஐந்து பத்து ஏற்றிக் கேட்டுவிடுவார்கள். அவர் வாயில் மட்டமான மீன் என்று ஒன்று வந்ததே இல்லை. முள் அதிகமுள்ள மீன் ‘வளர்ற புள்ளைக்கு எலும்பு வைக்கிற மீன்’ ஆகிவிடும். சதை தளர்ந்த மீன் ‘பல்லு போனவங்களுக்குன்னே ஆண்டவன் படைச்ச மீன்’ ஆகிவிடும். இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. விலை ஏறுகிற பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கிற உண்மை, அவ்வளவுதான். வியாபாரிகளுக்கும் இது தெரியும். தெரிந்தே நம்பினார்கள். நம்பாவிட்டால் ஏலம் ருசிக்காது.

இப்படிப்பட்டவரின் பெயர் உலக விஞ்ஞானத்தில் ஏறியதும், ஏறிய வேகத்தில் இறங்கியதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

செம்மொழி என்று ஒரு பெண். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா ரெத்தினம் ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலிக்குப் போனவர். இப்போது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர். அந்த வீட்டின் முதல் பட்டதாரி செம்மொழி. மீன்களைத் தொற்றி வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். அவளுக்கு நெல்லில்தான் ஆசை இருந்ததாம். உதவித்தொகை ஒட்டுண்ணிக்குத்தான் கிடைத்தது.

முதல்நாள் அவள் கடற்கரைக்கு வந்தபோது மீரா உசேன் ஒரு பாறை மீனின் வாயைப் பிளந்து, உள்ளேயிருந்து எதையோ பிடுங்கிக் காலடியில் எறிந்துகொண்டிருந்தார்.

“பாய், அந்தப் பேனைத் தூக்கிப் போடாம எனக்குக் குடுக்குறீங்களா?”

“எதைம்மா?”

“இப்ப புடுங்கி எறிஞ்சீங்களே, அதை.”

மீரா உசேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மீனு வேணுமா, பேனு வேணுமா?”

“பேன்தான். மீனை நீங்களே வித்துக்கங்க.”

“நாப்பது வருஷத்துல மீனு வேணாம்னு சொல்லிக்கிட்டு இங்க வந்த முத ஆளு நீதாம்மா” என்றார் அவர்.

மீன்பேன் என்பது விரல்நுனி அளவு, வெளிறிப்போன உடம்பு, பதினான்கு கால். மீனின் வாய்க்குள் புகுந்து நாக்கில் கால்களை ஊன்றிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். நாள்பட நாக்கு சூம்பி உதிர்ந்துவிடும். அதன்பின் நாக்கு இருந்த இடத்தில் பேன் தானே உட்கார்ந்துகொள்ளும். மீனும் வேறு வழியின்றி அதையே நாக்காக வைத்துக்கொண்டு இரை தின்று காலம் தள்ளும். வாயைத் திறந்து பார்க்கிற வியாபாரிக்கு உள்ளேயிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும். விலை அங்கேயே விழுந்துவிடும். ஆகையால்தான் ஏலத்துக்கு முன்பே மீரா உசேன் பிடுங்கி எறிவது.

அவர் செம்மொழிக்குப் பேன் கொடுத்ததில் தர்மசிந்தனை எதுவும் இல்லை. அவருக்கு ஒரு வேலை மிச்சம். அதைவிட முக்கியமான லாபம் வேறு. கையில் உறை மாட்டிக்கொண்டு, இடுக்கியும் டார்ச் விளக்குமாக ஒரு பெண் மீனின் வாயை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைக் கண்ட வெளியூர் வியாபாரிகள், அரசாங்கத்தில் தரம் பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். மீரா உசேன் அப்படிச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. ஏலத்தின் நடுவில் “மேடம் பாத்துட்டாங்க” என்று மட்டும் சொல்வார். பார்த்ததென்னவோ உண்மைதானே.

மேடம் பார்த்த மீன் நல்ல விலைக்குப் போயிற்று. அதனால் செம்மொழிக்குக் கடற்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாயிற்று. வெயில் ஏறினால் குடை வந்தது. டீயும் சமோசாவும் வந்தன. அவள் வராத நாளில் “நாளைக்கு வந்துருவேல்லம்மா?” என்று போன் வந்தது. விஞ்ஞானத்தின் மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று அந்தப் பெண் நெகிழ்ந்துபோனாள்.

மூன்றாவது வருடம், அவள் சேகரித்ததில் ஒருவகைப் பேன் இதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம் என்று தெரியவந்தது. புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தவர்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். முன்பாதி ஏற்கெனவே உள்ள லத்தீன் பெயர். பின்பாதி அவள் விருப்பம். அவளுடைய பேராசிரியர், தன் பெயரை வைப்பாள் என்று எதிர்பார்த்து, அது தனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்பதை இரண்டு மூன்று தடவை அவளிடம் சொல்லியும் வைத்தார். அவள் அதை அப்படியே நம்பி, ‘உசேனி’ என்று வைத்துவிட்டாள்.

கட்டுரை வெளிவந்த அன்று காலையில் போன் செய்தாள்.

“பாய், ஒரு புது உயிரினத்துக்கு உங்க பேரை வச்சிருக்கேன். இனிமே உலகம் பூரா அதுக்கு உங்க பேருதான்.”

“எம் பேரையா! என்னா மீனும்மா?”

“மீன்ல இருக்குறது பாய்.”

ஏல இரைச்சலில் அவருக்கு முதல் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மதியத்துக்குள் மீரா உசேன் பெயரில் ஒரு மீன் இருப்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஜஸீலா ‘எங்க வாப்பா பெயரில் ஒரு மீன், மாஷா அல்லாஹ்’ என்று குடும்பக் குழுவில் போட, அங்கிருந்து அது கோலாலம்பூர் வரை போயிற்று. ஐஸ் ஆலை வைத்திருக்கும் உபைதுல்லா, மீரா உசேனுக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதர்; அண்ணன் முறைக்கு ‘காக்கா’ என்று கூப்பிடுவார். எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். அவர்கூட அன்று, “காக்கா, அந்த மீனு கிலோ என்னா விலைக்குப் போவும்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீட்டில் விருந்து. மீரா உசேனின் மனைவி நஃபீசா நெய்ச்சோறும் கறியும் ஆக்கி, உபைதுல்லாவையும் உறவுக்காரர்கள் சிலரையும் அழைத்திருந்தார். செம்மொழி சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைத் தாள் சுற்றிக் கொண்டுவந்தாள். எல்லோரும் கூடி நிற்க, மீரா உசேனே தாளைப் பிரித்தார்.

ஒரு பாறை மீன் வாயைப் பிளந்திருந்தது. வாய்க்குள்ளிருந்து, உருப்பெருக்கிய பதினான்கு கால்களோடும் இரண்டு கறுப்புக் கண்களோடும் ‘உசேனி’ வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

நஃபீசாதான் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “ஏம்மா, வாய்க்குள்ள இன்னொரு ஆளு உக்காந்திருக்கானே, யாரு அவன்?”

“அதுதாங்கம்மா பாய் பேரு வச்சது” என்றாள் செம்மொழி. அவளுக்கு முகம் மலர்ந்திருந்தது.

“நாக்கைத் தின்னுட்டு நாக்கா நடிக்குமே, அந்தப் பேனா?” என்றார் உபைதுல்லா. “காக்கா, நாங்கள்லாம் அம்பது வருஷம் பழகி என்னா புண்ணியம்? இந்தப் புள்ள மூணு வருஷத்துல உங்கள எப்புடிக் கண்டுபுடிச்சிருக்கு பாத்தீங்களா!”

அறையே சிரித்தது. மீரா உசேனும் சிரித்தார். படத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, “சாப்புடுவோம்” என்றார். அந்த இனத்தில் ஒவ்வொன்றும் முதலில் ஆணாக இருந்து பின்னால் பெண்ணாக மாறும் என்பதையும், படத்தில் இருப்பது முட்டை சுமக்கும் பெண் என்பதையும் சாப்பாட்டின்போது சொல்லலாம் என்று செம்மொழி வைத்திருந்தாளாம். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அவருக்கு ‘உசேனி காக்கா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் சொல்வதில்லை. ஏலத்தில் அவர் வாய் திறந்தால் முன்வரிசையில் இரண்டு பேர் குனிந்து உள்ளே பார்த்தார்கள். செம்மொழி வந்தபோது நாற்காலியைக் காணோம். “இன்னைக்குப் பேனு இல்லம்மா” என்றார் மீரா உசேன், கடலைப் பார்த்துக்கொண்டு. நாலைந்து தடவை அதையே கேட்டபின் அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. அவள் துறையில் ஒரு பூச்சிக்குப் பெயராவதை விடப் பெரிய மரியாதை கிடையாது.

இது இப்படியே ஆறிப்போயிருக்கும். ஆனால் இன்னொரு ஊரில் உள்ள ஒரு ஆய்வுக்கூடம் உசேனியின் எச்சிலை எடுத்துப் பார்த்தது. மீனின் நாக்கில் மாதக்கணக்கில் ரத்தம் குடிக்கிற பிராணிக்கு அந்த ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வேண்டும். ஆகவே எச்சிலில் ஏதோ இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அட்டையின் எச்சிலில் அப்படி ஒன்று உண்டு. அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் எச்சிலில் கிடைத்ததை வைத்துத்தான் சர்க்கரை நோய்க்கு ஓர் ஊசியே வந்தது. தேடியதில் உசேனியிடமும் ஒரு புரதம் கிடைத்தது. அதை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவது வெகுவாகக் குறைந்தது.

செய்தித்தாளில் இது ‘அதிராம்பட்டினம் மீன்பேனில் மாரடைப்புக்கு மருந்து?’ என்று தலைப்போடு வந்தது. கேள்விக்குறியை எங்கள் ஊரில் யாரும் படிக்கவில்லை. எலி என்ற சொல்லையும் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்.

மீரா உசேன் சுவரோரம் திரும்பியிருந்த படத்தை எடுத்துத் துடைத்து, வாசலில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டினார். பிறகு செம்மொழிக்குப் போன் செய்தார்.

“என்னம்மா, ஆளையே காணோம்? உன் நாற்காலி காலியாக் கெடக்குது.”

அவள் வந்தாள். வந்தவுடன் எச்சரித்தாள். “பாய், இது இப்ப எலியளவுலதான் இருக்கு. மனுசனுக்கு வர பத்து வருஷம் ஆவலாம். வராமலே போனாலும் போவலாம். யாராவது கேட்டா அப்படிச் சொல்லிடுங்க.”

“சொல்றேம்மா” என்றார் அவர். அடுத்த நாள் காலை ஏலத்தில் முதல் கூடையைத் தூக்கியவர், “உசேனி உள்ள பாறை! உள்ளேயே இருக்கு, நான் கை வைக்கல, பாத்துக்கங்க!” என்று குரல் கொடுத்தார். இதிலும் பொய் எதுவும் இல்லை.

பேன் இருந்தால் விலை விழுந்த மீனுக்கு இப்போது பேன் இருந்தால்தான் விலை. காரில் வந்து இறங்கியவர்கள் பேனை மட்டும் வாங்கிக்கொண்டு மீனை வைத்துவிட்டுப் போனார்கள். வறுத்துத் தின்றார்கள், காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்தார்கள், ரசத்தில் போட்டார்கள். மன்னார்குடியில் ஒருவர் ‘உசேனி சூரணம்’ என்று சீட்டு ஒட்டி விற்பதாகக் கேள்வி. நஃபீசாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. “ஜஸீலா வாப்பா, அது ரத்தம் குடிக்கிற சாதி. அதைத் தின்னச் சொல்லி ஊருக்குக் கூவுறீங்களே” என்றார்.

“நான் தின்னச் சொல்லலயே. இருக்குன்னுதானே சொல்றேன்.”

உபைதுல்லாவுக்கு முந்தின வருடம்தான் தஞ்சாவூரில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அது வயிற்றைப் புரட்டுகிறது என்று அவருக்கு எப்போதும் குறை. கிண்டல் செய்தவர்தான், ஆனால் செய்தித்தாளில் வந்ததும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மீரா உசேனிடமே வாங்கிக் காயவைத்த உசேனிப் பொடியைக் காலையும் மாலையும் வெந்நீரில் கலந்து குடித்தார். வயிறு நன்றாக இருந்தது. கொஞ்ச நாளில் ஐஸ் ஆலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

மீரா உசேன்தான் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தார். பழைய ஸ்டென்ட் அடைத்துப்போயிருந்தது. டாக்டர் வெளியே வந்து கேட்டார்.

“மாத்திரையை நிறுத்தியிருக்காரு. வேற என்ன சாப்பிட்டாரு?”

உபைதுல்லாவின் மகன்களுக்குத் தெரியவில்லை. மீரா உசேனுக்குத் தெரிந்திருந்தது. “ஒரு பூச்சிங்க” என்றார்.

“என்ன பூச்சி?”

“உசேனின்னு பேரு.”

“யாரு குடுத்தா?”

“நான்தாங்க வித்தேன்.”

“உங்க பேரு?”

மீரா உசேன் தன் பெயரைச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, ஒருதடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று பின்னால் நஃபீசாவிடம் சொல்லியிருக்கிறார்.

உபைதுல்லா பிழைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய மீரா உசேன் மறுநாள் ஏலத்துக்கு முன்பு ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். “எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பேனு மருந்து இல்ல. யாரும் தின்னாதீங்க. டாக்டரு குடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க. எம் பேரு வச்ச பூச்சி, நானே சொல்றேன், ஒண்ணுக்கும் ஒதவாது” என்றார். அவர் வாழ்க்கையில் எந்தப் பக்கமும் சாயாத உண்மையை ஏலக் குரலில் சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேணாங்குறாரே, ஏன்?”

“வெளிநாட்டுக் கம்பெனி மொத்தமாக் கேட்டிருக்குமா இருக்கும்.”

“அதான் பூச்சியே அவரு பேருல இருக்குதே. பாய் பதுக்குறாரு.”

அன்று உசேனி விலை முந்தின நாளை விட இரண்டு மடங்குக்குப் போயிற்று. அடுத்த நாள் அவர் பேனை எல்லாம் பிடுங்கிக் கடலில் கொட்டினார்; அதுவும் பதுக்கலில் சேர்ந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். “சரி காக்கா, சரி காக்கா” என்று கேட்டுக்கொண்டவர்கள், தெருமுனையில் நின்று, “வீட்டுக்கு ஒரு அம்பது மட்டும் தனியா எடுத்துக் குடுங்க, யாருட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார்கள். நாற்பது வருடம் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்து நிற்பதை யாராலும் நம்ப முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் செம்மொழி வீட்டுக்கே வந்தாள். நஃபீசா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாய், ஒண்ணு சொல்லணும். உசேனிங்கிற பேரு இனிமே செல்லாது.”

“செல்லாதுன்னா?”

அவள் விளக்கினாள். நூறு வருடத்துக்கு முன்பு கொழும்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஒரு மீன்பேனுக்குப் பெயர் வைத்துப் படம் வரைந்திருக்கிறார். படம் அவ்வளவு மோசமாக இருந்ததால் அது எதுவென்று இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. அவர் பிடித்த பேன் மட்டும் ஐரோப்பாவில் ஒரு அருங்காட்சியகத்தில், சாராயம் ஊற்றிய புட்டியில் அப்படியே கிடந்தது. அவ்வளவு பழசிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படிப்பது முன்பெல்லாம் நடக்காத காரியம். இப்போது அதற்கு வழி வந்துவிட்டது. அந்த அருங்காட்சியகம் படித்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தது. அதையும் உசேனியின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் செல்லும்.

“அது யாரு பேரு?”

“ஒரு கப்பல் கேப்டன் பேரு பாய். அந்த வெள்ளைக்காரரைக் கொழும்புக்கு ஏத்திட்டு வந்தவராம்.”

“அந்தக் கேப்டன் இந்தப் பேனைப் பாத்திருப்பானா?”

“பாத்திருக்க மாட்டாரு.”

மீரா உசேன் தலையாட்டினார். “எவன்மா இதைக் கண்டுபுடிச்சான்?”

“நான்தான் பாய். நானே எழுதி அனுப்பிட்டேன்.”

நஃபீசா அவளைப் பார்த்தார். மீரா உசேன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நீ சும்மா இருந்திருந்தா?”

“கொஞ்ச வருஷத்துக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“உனக்கும் இதுல நட்டம்தானே?”

“ஒரு அத்தியாயம் போச்சு. ‘புது இனம்’னு எழுதுனது எல்லாத்தையும் மாத்தணும். சார் இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல.”

“அப்பறம் எதுக்கும்மா?”

“ஒண்ணுதானே பாய் அது. ரெண்டுன்னு எப்படிச் சொல்றது?”

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. செம்மொழி கிளம்ப எழுந்தாள். “ஒக்காரும்மா. சோறு வைக்கிறேன்” என்றார் நஃபீசா. “அவங்க வருவாங்க. பேரு போனா ஆம்பளைங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்.”

அவர் வந்து, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்.

அந்த வார இறுதியில் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது: ‘அதிராம்பட்டினம் மீன்பேன் பெயர் ரத்து’. இதை எல்லோரும் முழுதாகப் படித்தார்கள். “பேரே ரத்தாயிருச்சாம். அப்டின்னா மருந்தும் டுபாக்கூர்தான்” என்றார்கள். உபைதுல்லா விழுந்ததைப் பார்த்தும் கேட்காதவர்கள், மீரா உசேன் பெட்டி மேல் ஏறி நின்று கத்தியும் கேட்காதவர்கள், கொழும்பு வெள்ளைக்காரர் சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். சூரணக்காரர் தன் புட்டியில் வேறு சீட்டு ஒட்டிவிட்டார். பாறை மீன் பழைய விலைக்கு வந்தது. பேன் பழையபடி காலடிக்குப் போயிற்று.

பெயர் மாறிய செய்தி ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தெரியாது. அவற்றின் ரத்தம் முன்போலவே உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சி இப்போது முயல் வரை போயிருப்பதாகச் செம்மொழி சொல்கிறாள்.

கடற்கரையில் ஒன்று மட்டும் மாறவில்லை. முன்பு வெறும் பேன் என்று சொல்லப்பட்டதை இப்போது படகுக்காரர்கள் முதற்கொண்டு ‘உசேனி’ என்றுதான் சொல்கிறார்கள். தேறி வந்த உபைதுல்லா இதில் மிகவும் கண்டிப்பு. யாராவது பெயர் ரத்தானதைப் பற்றிப் பேசினால், “எந்தக் கேப்டன்? அவன் வந்து நம்ம கூடையில கை வச்சானா? அது உசேனிதான்” என்று சண்டைக்குப் போவார். மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்.

செம்மொழியின் வாய்மொழித் தேர்வு சித்திரையில் நடந்தது. பொதுமக்கள் யாரும் வரலாம் என்று பல்கலைக்கழகம் அறிவிப்பு போடுவது வழக்கம். பொதுமக்கள் வராமலிருப்பதும் வழக்கம். அன்று இரண்டு ஜோடிப் பொதுமக்கள் வந்திருந்தார்கள். கீழ்வேளூரிலிருந்து ரெத்தினமும் அவர் மனைவி அம்சமும் பின்வரிசையில் ஒரு பக்கம். அதிராம்பட்டினத்திலிருந்து மீரா உசேனும் நஃபீசாவும் இன்னொரு பக்கம். செம்மொழி ஆங்கிலத்தில் பேசியதில் நால்வருக்கும் விளங்கியது அவள் பயப்படவில்லை என்பது மட்டும்தான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், சடங்குக்காக, “பார்வையாளர்கள் யாரும் கேள்வி கேட்கலாம்” என்றார். மீரா உசேன் எழுந்தார். பேராசிரியரின் முகம் வெளுத்தது.

“ஐயா, நான் நாப்பது வருஷமா ஏலம் கூறுறவன். தன் சரக்கைத் தானே கொறை சொல்லி விக்கிறவனை நான் பாத்ததில்ல. இந்தப் புள்ள தான் எழுதுனது தப்புன்னு தானே கண்டுபுடிச்சு, தானே எழுதிப் போட்டிருக்கு. அதுல எம் பேரும் போச்சு. பரவால்ல. இப்புடி ஒரு ஆளு உங்களுக்கு…”

“இது கேள்வி இல்லையே ஐயா” என்றார் தேர்வாளர்.

மீரா உசேன் ஒரு கணம் தடுமாறினார். “சரிங்க. கேள்வி இதுதான். பட்டம் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

கூடம் சிரித்து அடங்கியபின் தேர்வாளர், அதை உள்ளே போய்ப் பேசித்தான் சொல்ல முடியும் என்றார். உள்ளே போய் அதிக நேரம் பேசவில்லை. ‘டாக்டர் செம்மொழி’ என்று வெளியே வந்து அறிவித்தபோது ரெத்தினம் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எழுந்து நின்றார். நஃபீசா அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதற்கு முன் பேசிக்கொண்டதுகூட இல்லை.

மதியம் வேப்ப மரத்தடியில் அம்சம் தூக்குப் பாத்திரத்தைப் பிரித்தார். விரால் மீன் குழம்பு. கடல் மீனை உயர்த்துவதற்காக ஆற்று மீனையும் குளத்து மீனையும் ‘சேத்து மீனு’ என்று வாழ்நாள் முழுக்க ஏலத்தில் இறக்கிப் பேசியவர் மீரா உசேன். இதுவரை ஒரு துண்டு தின்றதில்லை. நஃபீசா அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவர் ஒரு வாய் பிசைந்து தின்றார்.

“எப்புடிங்க இருக்கு?” என்றார் ரெத்தினம்.

“சேத்து வாடை கொஞ்சம் அடிக்குது.”

“அடிக்கத்தான் செய்யும்” என்றார் ரெத்தினம்.

மீரா உசேன் தட்டை நீட்டினார். “அந்த நடுத்துண்டை வைங்க.”